பொட்டு வைத்த டர்போ

இனி எந்த மலையிலும் இரண்டாவது கியருக்கு இறங்குவதில்லை என்று சற்குணம் முடிவெடுத்தபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. காருக்குப் பதினொன்று.

காரணம் ஒரு காய்கறி லாரி. பாலிக் பூலாவ் மலைச்சாலையில் அது அவரை முந்திப் போனது. முந்தியதுகூடப் பரவாயில்லை. டிரைவர் கையாட்டிவிட்டுப் போனான். பக்கத்து இருக்கையில் அடுத்த வீட்டு இராயப்பன் வேறு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவர்.

"காடிய ஒழுங்கா பாருங்கண்ணே. ப்ளக், வால்வு, கார்பரேட்டர். எல்லாம் சரியா இருந்தா மூணாவதுலயே ஏறும் லா."

"அதெல்லாம் கிழவனுக்குத் தல சீவுற வேல. எஞ்சினுக்கு மூச்சு பத்தல. டர்போ வேணும்."

"அது பாட்டுக்கு மூச்சு விடட்டுமே. நீங்க ஏன் வாயில வாய வச்சு ஊதணும்?"

சூலியா தெரு தேநீர்க்கடையில் இந்த வழக்கு ஏற்கெனவே நான்கு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. மனைவி யோகலட்சுமி மட்டும் முதல் வருஷமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"டர்போ கிர்போன்னு எதையாச்சும் மாட்டுனீங்க, அந்தக் காடில நான் ஏற மாட்டேன். நீங்களும் ஏற மாட்டீங்க."

ஆகவே சற்குணம் ரகசியமாகச் செய்தார். ஜார்ஜ் டவுனில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று புதுப் பாலத்தைத் தாண்டி செபராங் ஜெயாவில் ஜபருல்லாவின் பட்டறைக்குப் போனார். பழைய ஜப்பான் சாமான், சங்கு மாதிரி சுருண்டது, எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தது. கையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். மாற்றுச் சட்டை கொண்டுபோயிருந்தார். கழற்றிய பழைய குழாயைக்கூடப் பட்டறையிலேயே விட்டுவிட்டார்.

ஒன்றை மட்டும் அவரால் செய்ய முடியவில்லை. புதிதாக வாங்கிய சாமானைப் பொட்டு வைக்காமல் விட முடியவில்லை. அந்த வீட்டில் சோற்றுக் குக்கருக்கே பொட்டு வைத்துத்தான் முதல் சோறு. டர்போவுக்குத் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். ஜபருல்லா ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார்.

"முடிஞ்சுதாண்ணே? மூடலாமா?"

அன்றிலிருந்து வாழ்க்கை மாறியது. மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். பிறகு முதுகில் யாரோ உதைத்த மாதிரி கார் பாயும். புகை போய்ச் சக்கரத்தைச் சுற்றி, சக்கரம் காற்றைத் திணித்து, எஞ்சின் விழிக்க நேரம் வேண்டாமா? துறைமுக அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவருக்கு அந்தத் தாமதம் நியாயமாகவே பட்டது.

ஒரு சனிக்கிழமை, செபராங் ஜெயாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வந்த யோகலட்சுமி சொன்னாள்.

"காடி சூடாயிருச்சு. நிறுத்தித் தண்ணி ஊத்துனேன்."

"பானட்டத் திறந்தியா?"

"தெறக்காம எப்படி ஊத்துறது?"

சற்குணம் காத்திருந்தார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான். பெண்களுக்கு எஞ்சின் தெரியாது என்பதில் அவருக்கு அன்று பெரிய ஆறுதல். இனி அவள் முன்னால் பானட்டைத் திறப்பதே இல்லை என்று தீர்மானித்தார். பின்னாலும் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். காலையில் போனவள் சாயங்காலம்தான் வந்தாள். திங்கட்கிழமை காலை பூஜை அறையில் முருகன் படத்துக்குக் கீழே, மஞ்சள் பட்டுத் துணி மூடி, புதிதாக ஏதோ இருந்தது.

"என்ன இது?"

"உங்களுக்காகத் தண்ணீர்மலை முருகனுக்கு நேந்துகிட்டது. தொடாதீங்க."

தனக்காக ஒருத்தி வேண்டிக்கொள்கிறாள் என்றால் யார் தொடுவார்கள்? கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

காரும் அந்த வாரத்திலிருந்து இன்னும் நன்றாக ஓடியது. மிதித்த உடனே இழுத்தது. உதை இல்லை. ஒன்று, இரண்டு எண்ண வேண்டியதும் இல்லை. டர்போ பழகிவிட்டது என்று சற்குணம் புரிந்துகொண்டார். கல்யாணமான புதிதில் யோகலட்சுமியும் அப்படித்தான், கூப்பிட்டால் வரக் கொஞ்ச நேரமாகும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இராயப்பன் காதில் மட்டும் டர்போ விஷயத்தைச் சொல்லி, அவரை மறுபடி அதே மலைக்கு அழைத்தார். மூன்றாவது கியரிலேயே உச்சிவரை ஏறினால் நான்கு வருஷ வழக்கில் இராயப்பன் தோற்றதாக, தேநீர்க்கடையில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். டுரியான் பழம் வாங்க வேண்டும் என்று யோகலட்சுமியும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கார் ஏறியது. லாரி முந்திய வளைவு வந்தது, போனது. சற்குணம் கியரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உச்சியில் டுரியான் கடை ஓரத்தில் நிறுத்தியபோது எஞ்சின் முணுமுணுக்கக்கூட இல்லை.

"சரிண்ணே, தோத்துட்டேன்," என்றார் இராயப்பன். "அந்தச் சாமானக் கண்ணுல காட்டுங்க. ஒரு கும்பிடு போட்டுக்கறேன்."

சற்குணம் பின்னால் பார்த்தார். யோகலட்சுமி டுரியானை முகர்ந்துகொண்டிருந்தாள். ஜெயித்த அன்றைக்கும் பெண்டாட்டிக்குப் பயந்தால் எப்படி? பானட்டைத் தூக்கினார்.

டர்போ இருந்த இடத்தில் பழைய குழாய் இருந்தது. புது ப்ளக்குகள். பளபளவென்று கழுவிய கார்பரேட்டர்.

இராயப்பன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். நான்கு வருஷத்துச் சிரிப்பை அவர் அவசரப்படாமல் சிரித்தார்.

"தானாத்தான் மூச்சு விடுது போலருக்கே, அண்ணே."

யோகலட்சுமி பழத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஜபருல்லா சம்சாரம் நூர் பீவி என்கூடப் படிச்சவங்க. அவங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லித்தான் கழட்டுனேன். அப்படியே வால்வையும் சரி பண்ணச் சொன்னேன். பாவம், பதினோரு வருஷமா யாரும் அதப் பாக்கவே இல்லயாம்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பழைய சாமானுக்கு யாருங்க புதுசாப் பொட்டு வைப்பா?"

சற்குணம் பானட்டை மெதுவாக இறக்கி மூடினார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தூக்கிப் போட்டுட்டியா?"

"பொட்டு வச்சத எப்படிப் போடுறது?" என்றாள் யோகலட்சுமி, பழத்தை அவர் கையில் கொடுத்துக்கொண்டே. "இன்னிக்குக் காலையிலகூட நீங்கதான அதுக்குக் கற்பூரம் காட்டுனீங்க."