ஏழாம் அத்தியாயத்துக்கு ஒரு சாட்சி

கென்யா விடுதலை பெற்ற பத்தாவது ஆண்டில், அந்த விடுதலையை வாங்கித் தந்தவர்களின் தொகை அபாயகரமாக உயர்ந்துகொண்டே போவதை அரசாங்கம் ஆழ்ந்த கவலையோடு கவனித்தது. காரணம், நாவல்கள்.

அந்த ஒரு வருடத்தில் மட்டும் நைரோபிப் பதிப்பகங்களுக்கு விடுதலைப் போராட்ட நாவல்கள் நூற்றுப் பதினேழு வந்திருந்தன. அவற்றில் நாற்பத்தொன்றில் கதாநாயகன் ஒரே வெள்ளைக்கார மேஜரை ஒரே பாலத்தின் மேல் சுட்டுக் கொன்றான். மேஜரும் சலிக்காமல் நாற்பத்தொரு முறை கடைசி வார்த்தை பேசிவிட்டுச் செத்தார். போராட்டக் காலம் முழுவதும் மொம்பாசாவில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒருவர், தாம் மலைக்காட்டில் சிறுத்தையோடு படுத்துறங்கிய கதையை அறுநூறு பக்கம் எழுதினார். முடிதிருத்தகங்கள் வாலிபர்களுக்குக் காட்டுப் போராளிகளைப் போல் சடை பின்னிவிட்டன. திங்கட்கிழமை அலுவலகம் போகுமுன் அவிழ்த்தும் தந்தன. எல்லா நாவல்களையும் சேர்த்துப் பார்த்தால் காட்டில் மரங்களைவிடப் போராளிகளே அதிகம் என்று வனத்துறை ஒரு குறிப்பு அனுப்பியது.

ஆகவே விடுதலை இலக்கியச் சரிபார்ப்பு வாரியம் நிறுவப்பட்டது. போராளிச் சான்றிதழ் இல்லாதவர் போராட்ட நாவல் வெளியிடக் கூடாது. கதைக்குள் சொந்தப் பெயரோடு வரும் போராளிகளுக்கும் சான்றிதழ் வேண்டும். இறந்திருந்தாலும் விலக்கு கிடையாது.

நியேரிப் பள்ளி ஆசிரியர் முரேதிக்கு இதில் ஒரு துரதிர்ஷ்டம் இருந்தது. அவர் நிஜமாகவே போராடியவர். பதினான்கு மாதம் காட்டில், நாலு வருடம் வெள்ளைக்காரனின் தடுப்பு முகாமில். அவருடைய நாவலில் மேஜரும் இல்லை, பாலமும் இல்லை. ஏழாம் அத்தியாயத்தில் ஒரு சந்தை மட்டும் இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊரையே வரிசையில் நிறுத்திவைத்திருந்தார்கள். எதிரே தலையோடு கோணிப்பை கவிழ்த்த ஓர் ஆள். கோணியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக முன்னே போய் நிற்க, கோணி தலையாட்டினால் முகாம், ஆட்டாவிட்டால் வீடு. முரேதிக்கு ஆட்டியது. அடுத்து நின்ற கிஹாராவுக்கும் ஆட்டியது. காட்டுப் போராளிகளுக்குச் சாப்பாடு சுமந்த கிஹாரா முகாமிலிருந்து திரும்பி வரவில்லை. அவனுக்குக் கல்லறை கிடையாது, கோப்பு கிடையாது. அந்தப் பன்னிரண்டு பக்கம்தான் உண்டு.

"அவர் பேரு அச்சுல வந்துடணும் வாத்தியாரே" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் கிஹாராவின் மனைவி வங்கேச்சி. "இப்படி ஒருத்தர் இருந்தாரு, இப்படித்தான் காட்டிக்கொடுத்தாங்கன்னு எங்கேயாச்சும் எழுதியிருக்கணும்."

வாரிய எழுத்தர் ஒகெல்லோ மரியாதையானவர். முரேதிக்கு நாற்காலி காட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"முகாம்ல இருந்ததுக்குக் காகிதம்?"

"வெள்ளைக்காரன் போறப்ப எல்லாத்தையும் எரிச்சுட்டுப் போயிட்டான்."

"நீங்க ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கலாமே."

"கையில விலங்கு இருந்துச்சு."

"விலங்கு போட்டதுக்கு ஏதாவது ரசீது?"

"என்கூட இருந்தவங்க பதினாறு பேர் சாட்சி சொல்வாங்க."

"போராளிக்குப் போராளி சாட்சி செல்லாதுங்க. எல்லாரும் ஒரே கட்சி. நடுநிலையா ஒருத்தர் வேணும். அப்ப இருந்த அரசாங்கத்துல உத்தியோகம் பார்த்தவரா இருந்தா உத்தமம்."

"நான் வெள்ளைக்காரனை எதிர்த்தேன்னு வெள்ளைக்காரன்கிட்ட வேலை பார்த்தவன் வந்து சொல்லணுமா?"

"அவங்களுக்குத்தானே யார் யார் எதிர்த்தாங்கன்னு சரியாத் தெரியும்?" என்றார் ஒகெல்லோ. அதில் தப்புக் கண்டுபிடிக்க முரேதியால் முடியவில்லை. "அலைய வேண்டாம். மாடியிலயே இருக்கார், நம்ம டைரக்டர்."

டைரக்டர் கதும்பி கோட்டு சூட்டின் மேல், பழைய குலத்தலைவர்களைப் போல், குரங்குத்தோல் போர்த்தியிருந்தார். அந்த ஆண்டு பெரிய உத்தியோகஸ்தர்கள் எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள். மின்விசிறி மட்டும் கூடுதல் வேகத்தில் வைக்கச் சொல்வார்கள். டைரக்டர் முரேதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நியேரிச் சந்தை! மூணாவது வரிசை. பச்சைச் சட்டை, இடது பக்கம் காலர் கிழிஞ்சிருந்தது. பக்கத்துல ஒல்லியா ஒருத்தன், கையில சர்க்கரைவள்ளிக் கிழங்கு. சரியா?"

கிழங்கை முரேதியே மறந்துபோயிருந்தார். ஏழாம் அத்தியாயத்தில்கூட அது இல்லை.

"சரிதான். ஐயா அப்ப எங்கே நின்னுட்டிருந்தீங்க?"

"முன்னாடி."

"முன்னாடி கோணிப்பை மட்டும்தான் நின்னுச்சு."

டைரக்டர் மணியடித்து இரண்டு தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

"அதனாலதான் என் சாட்சியில பிழையே வராது. மத்தவங்க எல்லாரும் பயத்துல தரையைப் பார்த்தாங்க. முகத்தைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். நீங்களே யோசியுங்க வாத்தியாரே. நான் தலையாட்டலேன்னா நீங்க முகாமுக்குப் போயிருப்பீங்களா? போகலேன்னா இன்னைக்குப் போராளியா? உங்க நாவல்ல பாதி நான் போட்ட பாதை."

"கிஹாரா அந்தப் பாதையில போய்ச் செத்தான். அவன் நிலத்துல இப்ப உங்க தேயிலை இருக்கு."

"நல்ல தேயிலை. நீங்க குடிக்கறது அதுதான்" என்றார் டைரக்டர், கொஞ்சமும் கோபப்படாமல். "கிஹாராவுக்கும் சான்றிதழ் தரேன். ஏழாம் அத்தியாயத்தை எடுக்கச் சொல்லவே மாட்டேன். இலக்கியத்துல கை வைக்கிற ஆள் நான் இல்லை. ரெண்டே வரி சேருங்க. கோணிக்குள்ள இருந்தவன் அழுதான்னு ஒண்ணு. அவன் ரகசியமா காட்டுக்காக வேலை செஞ்சவன்னு ஒண்ணு."

"சேர்க்கலேன்னா?"

"வயசாகுது பாருங்க. கிஹாரான்னு ஒருத்தரை எனக்கு ஞாபகம் வராமப் போயிடலாம்."

முரேதி கோப்பையைப் பார்த்தார். இரண்டு வரி ஒரு பக்கம், கிஹாராவின் பெயர் மறுபக்கம். இரண்டு வரிதானே என்று பேனாவைத் திறந்தார். தேநீரையும் குடித்து முடித்தார்.

அந்த இரண்டு வரிகள் வாரியத்தின் மொழிநடைக் குழு, உணர்ச்சிக் குழு ஆகியவற்றின் பரிசீலனையைக் கடந்து, அச்சில் பதினொரு பக்கமாக வந்தன. நாவல் பெருவெற்றி பெற்றது. பள்ளிகளுக்குப் பாடமானது. 'கோணிக்குள் இருந்த மாவீரரின் மௌனத் தியாகத்தை விளக்குக' என்று பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டார்கள். நியேரிப் பள்ளியில் அதற்கு விடை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு முரேதிக்கே வந்தது.

மறு ஆண்டு மேஜரைச் சுடுவோர் ஒருவருமில்லை. வந்த நாவல்கள் எல்லாவற்றிலும் கதாநாயகன் கோணிக்குள் நின்று அழுதான். மொம்பாசாக் கருவாட்டுக்காரர் தம் சிறுத்தையைக் கைவிட்டு, தாம் அணிந்திருந்த கோணியின் துணித்தரம் பற்றியே மூன்று அத்தியாயம் எழுதினார். வாலிபர்கள் சடையை வழித்துவிட்டுச் சாக்குத் தொப்பி அணிந்தார்கள். 'நானும் கோணிக்குள் இருந்தவன்' என்று விண்ணப்பங்கள் குவிந்தன. எல்லாரும் கோணிக்குள் இருந்திருந்தால் வரிசையில் நின்றது யார் என்று கேட்க வாரியத்தில் ஆள் இல்லை. வாரியத்தின் வேலை விடை சரிபார்ப்பது.

விண்ணப்பதாரர்களை நேரில் பார்த்து முடிவு செய்ய முரேதி வாரிய உறுப்பினராக நியமிக்கப்பட்டார். முற்றத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றில் டைரக்டர், ஒன்றில் அவர். ஒவ்வொருவராக முன்னே வந்து நிற்பார்கள். பேச்சுக்கு நேரமில்லை என்பதால், தலையாட்டினால் சான்றிதழ், ஆட்டாவிட்டால் வீடு.

நாலாம் நாள் அந்த வரிசையில் வங்கேச்சி வந்தாள். கையில் நாவல்.

"அவர் பேரை எடுத்துடுங்க வாத்தியாரே."

"நீதானே வங்கேச்சி அச்சுல வரணும்னு கேட்டே?"

"கேட்டேன். என் மகள் இதைப் படிச்சு பரீட்சை எழுதியிருக்கா. அப்பாவைக் காட்டிக்கொடுத்தவன் மாவீரன்னு எழுதி பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கா. பேரை எடுத்துடுங்க."

சான்றிதழ் பெற்ற போராளியை நாவலிலிருந்து நீக்க விதிகளில் வழியில்லை என்று டைரக்டர் முரேதியின் காதில் மெல்லச் சொன்னார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. முரேதி மடியிலிருந்த கோப்பு ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அரசாங்கக் கோப்புகள் எல்லாவற்றிலும் கயிறு கோர்ப்பதற்காக இரண்டு ஓட்டை இருக்கும். அவற்றின் வழியாக வங்கேச்சி நன்றாகவே தெரிந்தாள்.

"கண்ணு தெரியுது வாத்தியாரே" என்றாள் அவள்.

முரேதி கோப்பைத் தாழ்த்த நினைத்தார். அதற்குள் வரிசையில் பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

"என்னம்மா பேசிக்கிட்டே நிக்கறே? நாங்களும் காலையிலேருந்து நிக்கறோம்!"

"ஐயா, சட்டுனு தலையை ஆட்டிவிடுங்க!"

கோப்பு அசைந்தது. ஆம் என்றா, இல்லை என்றா என்று யாரும் கேட்கவில்லை. வரிசை ஓரடி முன்னே நகர்ந்தது.