மஞ்சக் கடுதாசியா, துரும்பா?

தென்காசியில் கடன்பட்டு நொந்தவர்களும் உண்டு, கட்டியவளிடம் பட்டு நொந்தவர்களும் உண்டு. இரண்டிலும் முதல் மார்க் வாங்கியவர் எங்கள் பங்களா அண்ணாச்சி ஒருவர்தான். பங்களா அவருக்குச் சொந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். குற்றாலத்தில் பிறத்தியார் பங்களாக்களைக் குத்தகைக்கு எடுத்து, சீசனுக்குக் குளிக்க வரும் சீமான்களிடம் வாடகைக்கு விடுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அடுத்தடுத்து இரண்டு வருஷம் சாரல் பொய்த்தது. சீமான் ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை; குத்தகைக்கு வாங்கிய கடன்தான் ஏறியது.

அண்ணாச்சி நடுரோட்டில் நின்று மேற்கே மேகத்தை ஏசுவார். “ஏலே, மலையாளத்தானுக்குக் கொட்டோ கொட்டுன்னு கொட்டுதியே, எனக்கு ரெண்டு தூத்தல் போட்டாக் கொறஞ்சா போயிருவே?”

வீட்டுக்குள் அவர் பெண்டாட்டி, எங்கள் மதினி, அவரை ஏசுவாள். மேகமாவது பதில் பேசாது.

நான் அப்போது வக்கீல் குமாஸ்தா. ஒருநாள் அண்ணாச்சி வந்து, “தம்பி, மஞ்சக் கடுதாசி மொதல்லயா, பெண்டாட்டியைத் தீத்துவிடுதது மொதல்லயா?” என்று கேட்டார்.

மஞ்சக் கடுதாசி என்றால் கடன்காரர்களுக்குக் கோர்ட்டில் ‘என்னிடம் ஒன்றுமில்லை’ என்று கையை விரிப்பது. பெண்டாட்டியைத் தீர்த்துவிட அவர்கள் சாதியில் கோர்ட்டே வேண்டாம். பெரிய மனுஷர்கள் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் போதும். புருஷன் கிள்ளினால் அவள் கொண்டுவந்த சீரைத் திருப்பித் தரவேண்டும். பெண்டாட்டி கிள்ளினால் வெறுங்கையோடு போகவேண்டும்.

“மொதல்ல கடுதாசி குடுத்தா, அண்டா குண்டாவை அமீனா அள்ளிட்டுப் போவான். மொதல்ல துரும்பைக் கிள்ளினா மதினி அள்ளிட்டுப் போவா. எப்படியும் உமக்கு நாமந்தான்” என்றேன்.

மனுஷர் திருப்திப்படவில்லை. ஊரெல்லாம் கேட்டார். சவரக்காரர், “மொதல்ல தலையை ஆட்டாம இரும்” என்றார். கடைசியில் மதினியிடமே கேட்டாராம். “மொதல்ல குளிச்சிட்டு வாரும், நாறுது” என்றாளாம்.

அவளையே கிள்ளவைத்துச் சீரை அமுக்கப் பார்க்கிறார் என்று ஊர் பேசியது. அவர் வீட்டில் தின்று ஏப்பம் விட்ட வாய்களே அதிகம் பேசின.

பஞ்சாயத்துக் கூடியது. “இவ வச்ச கொழம்பை மாடு மோந்து பாக்காது, எனக்கு வேண்டாம்!” என்று கத்தி, அண்ணாச்சியே துரும்பைக் கிள்ளிப் போட்டார்.

மதினி மண்ணை வாரி இறைத்தாள். “நாசமாப் போவீரு!”

அண்டா, குத்துவிளக்கு, காப்பு எல்லாம் வண்டியேறின. ஆலங்குளத்தில் அவள் தம்பி வீடு. வண்டி நகர்ந்ததும் அண்ணாச்சி பின்னாலேயே ஓடினார்.

“ஏட்டி, இட்லிக் கொப்பரையை விட்டுட்டுப் போறியே!”

தெரு சிரித்தது. மதினி திரும்பிப் பார்க்கவில்லை. கொப்பரையை வண்டிக்குள் வீசிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் கடுதாசியில் கையெழுத்துப் போட்டார். சில நாள் கழித்து ஜப்திக்கு வந்த அமீனாவோடு நானும் போனேன். வீட்டில் ஒரு பாயும் ஒரு மண்பானையும் இருந்தன.

“என்ன ஓய், இதையா ஜப்தி பண்ணுதது?” என்று அமீனா எரிந்து விழுந்துவிட்டுப் போனான். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. கடுதாசிக்கு முந்தித் துரும்பு; சீர் அமீனா கையில் சிக்கவில்லை.

“அண்ணாச்சி, நான் ஆலங்குளம் போயி மதினிகிட்ட வெவரத்தைச் சொல்லுதேன்.”

“வேண்டாம் தம்பி. சொன்னா வந்துருவா. வந்தா இங்கன என்னத்தத் திங்கப் போறா?”

எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. இருந்திருந்தால் இந்த மடையனாகவே இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.