கர்த்தருக்குச் சேர வேண்டிய பாயிண்டுகள்

பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் இருக்கும் ஒரு லுத்தரன் சபையில், அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அந்த வருஷம் கார்டு மெஷின் வந்து இறங்கியது. சபையில் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர் குழந்தைராஜ் ஒருவர்தான். தோஹாவில் அவர் மகள் அனிட்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. போய்ப் பார்க்க விமான டிக்கெட் வேண்டும். கார்டைத் தேய்க்கத் தேய்க்க வங்கி இனாமாகத் தரும் பாயிண்டுகளைக் கொடுத்தே டிக்கெட் எடுக்கலாம்; ஆனால் அதுவரை சேர்ந்திருந்த பாயிண்டுகளோ திருச்சி விமான நிலைய வாசல் வரைக்கும்தான் வரும்.

"காசை என்கிட்ட கொடுங்க, நான் கார்டைத் தேய்ச்சுடுறேன்" என்றார் எல்லோரிடமும். காணிக்கையாக வந்து ஏலம் போன பூசணிக்காய், வாழைத்தார், ஒரு கட்டு நெற்கதிர், யார்மேலோ கோபமாக இருந்த ஒரு சேவல் என்று எல்லாம் அவர் கார்டில் தேய்ந்தன. டிக்கெட்டுக்குப் பாயிண்ட் சேர்ந்துவிட்டது.

மறுவாரமே சபைக் கமிட்டி அவசரமாகக் கூடியது.

"காணிக்கை கர்த்தருக்குன்னா, அதுல விளைஞ்ச பாயிண்டும் அவருக்குத்தானே அண்ணே?" என்றார் பொருளாளர் எல்வின்.

"சேவலை எடுத்தது நான். அந்தப் பாயிண்ட் எனக்கு" என்றார் உறுப்பினர் ஜோஸ்வா.

"சேவலைத்தான் குழம்பு வச்சுட்டியேப்பா" என்றார் எல்வின்.

"நான் யார் காசையும் எடுக்கலை. இதுல யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டார் குழந்தைராஜ். கேட்டபிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. யாருக்கும் நஷ்டமில்லாமல் ஒருவனுக்கு லாபம் வருகிறதென்றால், அதில் எங்கேயோ பாவம் இருக்கத்தான் வேண்டும்.

வங்கிக்குப் போன் போட்டார்கள். கர்த்தர் பெயருக்கு மாற்ற அவருடைய ஆதார் வேண்டுமாம்.

எனவே, மேற்படி பாயிண்டுகளைக் கர்த்தர் சார்பில் குழந்தைராஜ் வைத்துக்கொள்வது, தாம் அனுபவிக்காதிருப்பது, கார்டைக் கமிட்டி பீரோவில் ஒப்படைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பாயிண்டுகள் மார்ச்சில் காலாவதியாகும் என்பது பிறகுதான் தெரிந்தது. கர்த்தருக்கு நஷ்டம் வர விடலாமா? அந்தப் பாயிண்டில் கிடைக்கும் தோஹா டிக்கெட்டை ஏலம் விடுவதென்று முடிவானது.

"நம்ம டிக்கெட்டை நாமே ஏலத்துல எடுக்கணுமாங்க?" என்றாள் குழந்தைராஜின் மனைவி ஃபிளோரா.

"பேத்திதான் நம்மளது. டிக்கெட் கர்த்தரோடது."

வருஷம் பிறந்து ஜனவரியில் நடந்த ஏலத்தன்று, தோஹாவில் யாருமே இல்லாத ஜோஸ்வாகூட வீம்புக்கு விலையை ஏற்றினார். வெளியில் விற்கும் விலையைப்போல இரண்டு மடங்குக்குக் குழந்தைராஜ் எடுத்தார். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. கார்டு பீரோவில் இருந்ததால் ரொக்கத்தை வெளியே எடுத்தார்.

நோட்டைக் கண்டதும் கமிட்டி மொத்தமும் எழுந்து வந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு புதுக் கார்டு.

"உங்களுக்கு ஏன் சிரமம், நான் பார்த்துக்கிறேன்" என்று எல்வின் ஒரு கையைப் பிடித்தார். ஜோஸ்வா மறு கையைப் பிடித்தார்.

குழந்தைராஜ் போதகரைப் பார்த்தார். "ஐயா, பாயிண்ட் கர்த்தருக்குன்னு தீர்மானம் போட்டமே?"

"அது போன வருஷத்துப் பாயிண்டுக்கு, தம்பி" என்ற போதகர், அங்கிக்குள்ளிருந்து தம்முடைய கார்டை எடுத்தார்.