சட்டையை உள்ளே விடாத தலைமை வழிகாட்டி

கயிற்றில் சிக்கித் தொங்குகிறவனைக் காப்பாற்றுவது எப்படி என்று என்னால் நாற்பது நிமிடம் பாடம் எடுக்க முடியும். தொங்குகிறவனே நானாக இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும், பயிற்சியில் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் நடத்திவிட்டார்கள் போலிருக்கிறது.

கொல்லிமலையில் பாறையேற்ற வழிகாட்டியாக நான் தனியாக நடத்திய முதல் குழு அது. சென்னையிலிருந்து எட்டுப் பேர். ஒன்பதாவதாக, மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து காலை பஸ்ஸில் அப்பா.

"இன்ஜினியரிங் படிச்சுப்போட்டு மலையில நீ என்னதான் பண்றீன்னு ஒருக்கா பாத்துப்போடறேன் கண்ணு" என்று சொல்லித்தான் வந்திருந்தார். அவருக்குத் திருப்தி என்றால் இந்த வேலை. இல்லையென்றால் திங்கட்கிழமை பெங்களூர், மாமா பார்த்துவைத்திருக்கும் கம்பெனி.

அப்பாவை அசத்துவதற்காகவே புது டி-ஷர்ட் ஒன்று அடித்திருந்தேன். அடி ஓரத்தில் கொட்டை எழுத்தில் 'தலைமை வழிகாட்டி'. (எனக்குக் கீழே வழிகாட்டிகள் யாரும் கிடையாது. அதனாலென்ன.)

"கயிறு இடுப்புல இருக்கற இந்த இரும்பு வளையத்துக்குள்ள ஓடும். துணி போச்சுன்னா மாட்டிக்கும். சட்டைய உள்ள விட்டுக்குங்க" என்று குழுவுக்கு மூன்று முறை சொன்னேன். உள்ளே விட்டால் என் பதவி மறைந்துவிடுமே? நான் விடவில்லை.

செய்து காட்டுகிறேன் என்று உச்சியிலிருந்து கம்பீரமாக இறங்கினேன். தரைக்கு மூன்று ஆள் உயரம் இருக்கும்போது வளையம் என் டி-ஷர்ட்டை ருசி பார்த்தது. இழுக்க இழுக்க உள்ளே போனது. கத்தி பத்திரமாகக் கீழே பையில் இருந்தது. இடுப்பில் அது இருக்க வேண்டிய இடத்தில் செல்ஃபி குச்சி.

"சார், இதுவும் டெமோவா?" என்றார் ஒருவர்.

"ஆமாங்க. இப்படிச் செய்யக் கூடாது."

கால் மணி நேரமாகியும் டெமோ முடியவில்லை. அப்பா எழுந்து நடந்தார். பஸ்ஸுக்குத்தான் போகிறார், பெங்களூர் உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அவருடன், பக்கத்துத் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரும், கணுக்களில் கால் வைத்து ஏறும் அவருடைய நீளமான ஒற்றை மூங்கில் ஏணியும் இருந்தார்கள்.

அக்கா அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க தம்பி, அங்க மொளகு ஏதாச்சும் காய்ச்சிருக்குதுங்களா?"

"இல்லீங்க்கா."

"அப்பறம் எதுக்குங்க அங்க போனீங்க?"

இந்தக் கேள்விக்கும் பயிற்சியில் பதில் சொல்லித் தரவில்லை.

அப்பாவும் குழுவும் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஹெல்மெட் இல்லாமல், செருப்பும் இல்லாமல், அரிவாளோடு அக்கா ஏறி வந்தார். நான் ஏணிக் கணுவில் கால் ஊன்றினேன்.

"அக்கா, கயித்த வெட்டிராதீங்க."

"கொடி எது, மரம் எதுன்னு தெரியாமயா தம்பி இத்தன வருசமா ஏறறேன்?"

'தலைமை வழிகாட்டி' தனியாகவும் நான் தனியாகவும் வந்தோம். எட்டுப் பேர் கைதட்டினார்கள், அக்காவுக்கு.

சாயங்கால பஸ்ஸில், தொப்புள் தெரிய, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மலைப்பாதையின் எழுபது வளைவுகளில் பாதி இறங்கியாயிற்று. அப்பா சொன்னார்:

"பெங்களூருல இப்புடித் தொங்குனீன்னா யாரு கண்ணு ஏணி கொண்டாருவா? இங்கியே தொங்கு."

அப்படித்தான் என் உத்தியோகம் உறுதியானது. வெட்டிய துண்டை வைத்துத்தான் அம்மா இன்றைக்கும் சூடான பாத்திரத்தை இறக்குகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் எழுத்து தெரியும்படி பிடித்துக்கொண்டு, "எம் பையன் மலையில பெரிய பதவிங்க" என்பாள்.

ஒவ்வொரு குழு வரும் நாளும் காலையில் அப்பாவின் போன் வரும். சாப்பிட்டியா என்று கேட்பதில்லை.

"சட்டைய உள்ள உட்டியா?"