இருபத்துமூன்றாம் மனு திரைக்கு வந்த வரலாறு

அரச அலுவல்கள் இனிமேல் ஒரு நிமிடமும் தாமதமாகக் கூடாது என்ற உயரிய நோக்கத்துக்காக, எங்கள் பகுதிக் கந்தோரின் கூட்ட மண்டபம் எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. ஒன்பதாம் மாதம், ஆவணியில், நாடா வெட்டித் திறந்தார்கள். உள்ளே அரைச் சுவரை மறைத்துக்கொண்டு ஒரு திரை. மேசையில் இருக்கிற மடிக்கணினியிலிருந்து படமும் எழுத்தும் எந்த வயரும் இல்லாமல் காற்றிலேயே பறந்துபோய் அந்தத் திரையில் விழும் என்றார்கள். வாசலில் "கம்பியில்லா மண்டபம்" என்று பித்தளையில் பெயர்ப்பலகை. பலகையைக் கம்பியால்தான் கட்டியிருந்தார்கள், ஆனால் அது வெளிப்பக்கம்.

திரையோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அதன்படி மண்டபத்துக்குள் காகிதம் வாசிக்கப்படக் கூடாது. மனு எதுவானாலும் திரையில் காட்டப்பட வேண்டும். குறைந்தது இருபத்தைந்து பொதுமக்களாவது அதைத் திரையில் பார்வையிட்டு, அவர்களுடைய அபிப்பிராயம் அறியப்பட்ட பின்னரே தீர்மானம் எடுக்கப்படும். மக்களாட்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் அன்றைக்குத் தலையாட்டினேன்.

அதற்கு முன்பு கந்தோரில் படம் காட்டுகிற வயர்கள் ஒன்பது இருந்தன. ஒன்பதும் நல்ல வயர்கள். ஆனால் கம்பியில்லா மண்டபத்தில் வயர் இருப்பது சுற்றறிக்கைக்கு முரண் என்பதால் மூன்று பேர் கொண்ட குழு கூடி, ஒவ்வொரு வயரையும் போட்டுப் பார்த்து, நன்றாக வேலை செய்வதை உறுதிப்படுத்திக்கொண்டு, "பாவனைக்கு உதவாதவை" என்று எழுதிக் கழித்தது. பிறகு ஒரு சாக்கில் கட்டி, கால் முறிந்த இரண்டு கதிரைகளோடு ஏலத்தில் விட்டார்கள். திரைக்கு மின்சாரம் கொடுக்கிற வயருக்கு மட்டும் மேலிடத்திலிருந்து தற்காலிக அனுமதி எடுத்திருந்தார்கள்.

அந்தச் சாக்கை ஏலத்தில் எடுத்தவர் சிவகௌரி. எங்கள் ஒழுங்கையின் கடைசி வளவில் தனியாக வெங்காயத் தோட்டம் செய்கிறவர். வயர் நீளமாக, உறுதியாக இருந்தது. விதைவெங்காயத்தைக் காய்ந்த இலைத்தாளோடு பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலுக்குள் தூக்குவதற்கு அதைவிட நல்ல கொடி கிடைக்காது.

இருபத்துமூன்றாம் மனு அவருடையது. ஒழுங்கை முகப்பில் இருக்கிற மதகு உடைந்து அடைபட்டு மூன்று வருடம். மாரி பிறந்தால் றோட்டுத் தண்ணீர் முழுவதும் மதகுக்குள் போக வழியில்லாமல் திரும்பி சிவகௌரியின் வளவுக்குள் வந்து குடியிருக்கும். போன மாரியில் விதைவெங்காயம் முழுக்க அழுகி, தை மாதம் நடுவதற்கு ஒரு பிடிகூட மிஞ்சவில்லை. இந்த முறையும் அழுகினால் தோட்டத்தைக் கைவிட்டுவிட்டுக் கொழும்பில் மகளோடு போய் இருக்க வேண்டியதுதான் என்று என் கடைக்கு வரும்போதெல்லாம் சொல்லுவார். நான் அதே ஒழுங்கைக்கு முன்னால் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். என்னுடையது பன்னிரண்டாம் மனு. கட்டாக்காலி மாடுகள் என் கடை வாசலில் படுப்பது பற்றியது.

கூட்டத்தன்று நாங்கள் முப்பது பேர் வரை போயிருந்தோம். செயலாளர் தியாகராசா நடுவில் இருந்தார். திரைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் துஷாந்தினி மடிக்கணினிக்கு முன்னால் இருந்தார். திரையில் ஒரு நீர்வீழ்ச்சியும் "நல்வரவு" என்ற எழுத்தும் தெரிந்தன. ஒரு மணித்தியாலம் கழித்தும் அவையே தெரிந்தன.

"பிள்ளை, வருதோ?" என்று கேட்டார் செயலாளர்.

"இல்லை சேர். இன்னும் தேடுது."

"என்னத்தைத் தேடுது?"

"திரையைத் தேடுது சேர்."

"திரை உதிலைதானே நிக்குது!"

"ஓம் சேர். எங்களுக்குத் தெரியுது. அதுக்குத் தெரியேல்லை."

சிவகௌரி எழும்பினார். "ஐயா, என்ரை மனு உங்கடை மேசையிலைதானே கிடக்கு. ஒருக்கால் பாத்துப்போட்டுச் சொல்லுங்கோவன்."

தியாகராசா தன் கைக்குக் கீழே இருந்த காகிதத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். "அம்மா, இது காகிதம் இல்லாத கூட்டம். நான் இதைக் குனிஞ்சு பாத்தால் கூட்டமே செல்லாது."

"அப்ப வயரைக் கொழுவிக் காட்டுங்கோ."

"வயர் ஏலத்திலை போயிட்டுதே."

"நான்தானே ஐயா எடுத்தனான்! வெங்காயம் தூக்கியிருக்கிறன். சைக்கிளிலை போய்க் கழட்டிக்கொண்டு பத்து நிமிசத்திலை வாறன்."

செயலாளருடைய முகம் சுருங்கியது. "கழிச்ச சாமான் திரும்ப உள்ளுக்கை வரேலாதம்மா. வந்து அது வேலையும் செய்துதெண்டால், கழிச்சது பிழையெண்டு போயிடும். கையெழுத்து வைச்ச மூண்டு பேரின்ரை பென்சனும் என்ன ஆகிறது?"

"அடுத்த கூட்டம் எப்ப?"

"தையிலை."

"அது மாரிக்குப் பிறகல்லோ ஐயா!"

"ஓம். அப்ப தண்ணியும் வத்தியிருக்கும். ஆறுதலாய்க் கதைக்கலாம்."

சிவகௌரி திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே நின்றார். அந்த நேரத்தில்தான் துஷாந்தினி கதிரையிலிருந்து துள்ளினார். "சேர், இணைஞ்சிட்டுது! எழுத்திலை வந்திருக்கு!"

மடிக்கணினியில் "இணைக்கப்பட்டது" என்று பச்சையாக இருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்து மகிழ்ந்தோம். நிற்கிற மனுசியின் மனுவையே முதலில் போடச் சொன்னார் செயலாளர். துஷாந்தினி படத்தைத் திறந்தார். இடுப்பளவு வெள்ளம், உடைந்த மதகு, பக்கத்தில் தலையில் கடகப் பெட்டியோடு சிவகௌரி. போன வருடம் நான் எடுத்துக் கொடுத்த படம். மடிக்கணினியில் வடிவாகத் தெரிந்தது. சுவரில் நீர்வீழ்ச்சி மாறவில்லை.

"பொறுங்கோ, காத்து மெல்லமாய்த்தான் கொண்டுவரும்" என்றார் செயலாளர்.

அந்தக் கணத்தில் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மேளம் நின்றது. பிறகு பெரிய கைதட்டல் கேட்டது.

இந்த இடத்தில் ஒரு விடயம் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்திலும் மணவறைக்குப் பின்னால் ஒரு பெரிய திரை உண்டு. இப்போதெல்லாம் திரை இல்லாமல் தாலி கட்டினால் அது கனடாவில் செல்லுபடியாகாது. இரண்டு திரைகளையும் பொருத்தியவர் ஒரே ஆள். வேலை சுலபமாக இருக்கட்டும் என்று இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே இரகசிய இலக்கமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இலக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

கைதட்டல் ஓய முதல் பெண்ணின் தகப்பன் பொன்னம்பலம் பட்டு வேட்டியை மடித்துப் பிடித்தபடி கந்தோருக்குள் ஓடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் செயலாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, மானத்தைக் காப்பாத்திப் போட்டியள்! எங்கடை வீடியோக்காரன்ரை படம் இறுகிப்போய் அறுநூறு சனத்துக்கு முன்னாலை திரை வெறுமையாய் நிண்டது. நேரலையிலை கனடாச் சொந்தமும் பாத்துக்கொண்டிருக்கு. அந்த நேரம் பாத்து உந்த மதகு வந்துது. தண்ணியும் கடகமும் எண்டு, என்ன ஒரு கிராமத்து ஸ்ரைல்! அங்கை பெரியம்மா அழுறா. உங்களிட்டை இன்னும் படம் கிடக்கோ?"

செயலாளர் துஷாந்தினியைப் பார்த்தார். துஷாந்தினி பன்னிரண்டாம் மனுவைத் திறந்தார். என் கடை வாசலில் ஐந்து மாடுகள். சுவருக்கு அந்தப் பக்கத்தில் கைதட்டலோடு விசிலும் கேட்டது. மதகைவிட என் மாடுகளுக்கு வரவேற்பு கூட என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை வந்தது. உண்மையை மறைத்து என்ன?

பொன்னம்பலம் எல்லோரையும் சாப்பிட வரச்சொல்லிவிட்டுப் போனார். தியாகராசா கண்ணை மூடிச் சற்று நேரம் சிந்தித்தார். பிறகு குரலைச் செருமிக்கொண்டு அறிக்கை சொல்லத் தொடங்கினார். துஷாந்தினி மடிக்கணினியில் அடித்தார். அடித்த ஒவ்வொரு எழுத்தும் பொன்னம்பலத்தின் மகளுக்குப் பின்னால் ஆளுயரத்தில் விழுந்துகொண்டிருந்தது என்று பிறகு அறிந்தோம்.

"மனு இலக்கம் இருபத்துமூன்று. மேற்படி உடைந்த மதகு மின்திரையில் முறைப்படி காட்சிப்படுத்தப்பட்டது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாக ஏறத்தாழ எண்ணூறு பொதுமக்கள் பார்வையிட்டனர். ஆட்சேபனை எதுவும் கிடைக்கவில்லை. கரகோஷம் கிடைத்தது. ஆகவே, பொதுமக்களின் விருப்பத்துக்கு மதிப்பளித்து, மேற்படி மதகை எவ்வித மாற்றமுமின்றி அவ்வாறே பேணுவதெனத் தீர்மானிக்கப்படுகிறது."

சிவகௌரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குரல் உயர்ந்தது. "ஐயா, அவை கைதட்டினது படத்துக்கு!"

"படத்திலை என்னம்மா இருந்தது?"

"மதகு."

"திருத்தின மதகோ, உடைஞ்ச மதகோ?"

"உடைஞ்சது."

"அப்ப சனத்துக்குப் பிடிச்சது உடைஞ்ச மதகு. நான் சனத்துக்கு எதிராய்ப் போகலாமே?"

சிவகௌரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்லுவோம் என்று நினைத்திருப்பார். எனக்குக் கோபம் வந்தது. மெய்யாகவே வந்தது. ஆனால் சாப்பாட்டுப் பந்தி தொடங்கிவிட்டதென்று யாரோ சொன்னார்கள், கோபத்தையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். பாயசம் நன்றாக இருந்தது.

கல்யாண வீடியோ வெளியே வந்த கிழமையே மதகு ஊருலகமெல்லாம் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னமே சோடியாகப் படம் எடுக்கிறவர்கள் கடற்கரையையும் பனங்கூடலையும் விட்டுவிட்டு எங்கள் ஒழுங்கைக்கு வந்தார்கள். கந்தோர் அங்கே ஒரு பலகை நாட்டியது. "காட்சிப் பெறுமதி மிக்க மதகு. திருத்துதல் தண்டனைக்குரிய குற்றம்." ஐப்பசியில் சிவகௌரி தன் வளவு வாசலில் மண்மூட்டை அடுக்கினார். மூட்டைகள் படத்துக்குள் விழுகின்றன, மூன்று நாட்களுக்குள் அகற்றவும் என்று கடிதம் வந்தது. கடிதம் காகிதத்தில்தான் வந்தது.

கார்த்திகையில் மழை விடாமல் ஊற்றி வெள்ளம் வந்தது. சிவகௌரியின் கொட்டிலுக்குள் முழங்காலளவு தண்ணீர். அவருடைய நல்ல காலம், வெங்காயம் வயரில் உயரத்தில் தொங்கியது. ஒரு பிடியும் நனையவில்லை. "தை வரைக்கும் உந்த வயர் தாங்கினால் போதும் அண்ணை" என்று என்னிடம் சொன்னார். மூன்று வருடத்தில் அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த நாள் தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண் படம் எடுக்க வந்தாள். பெயர் கஜானி. கூறைச்சேலையோடு மதகுக்குப் பக்கத்தில் வெள்ளத்தில் இறக்கி நிறுத்தினார்கள். படக்காரர் சுபாங்கன், எடுக்கிற படம் காற்றில் வந்து விழுகிற மாதிரி ஒரு திரையை முக்காலித் தாங்கியில் பொருத்தி வேலியோரம் வைத்திருந்தார். திரையில் பார்த்துச் சரி சொன்னால்தான் பெண் கரையேறலாம் என்பது மாப்பிள்ளை வீட்டு ஒழுங்கு. மழைக்குள் படம் வரவில்லை. திரை தேடிக்கொண்டே இருந்தது. காட்சிப் பெறுமதியைக் கண்காணிக்க வந்திருந்த தியாகராசா காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, "பொறுங்கோ, வரும்" என்றார். பெண்ணுக்குக் குளிரில் பல்லுக் கிட்டத் தொடங்கியது.

சுபாங்கன் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். "அக்கா, உங்கை வெங்காயம் தொங்கிற வயர் எனக்குச் சரிவரும் போலை கிடக்கு. ரெண்டு நிமிசம் தருவியளே?"

சிவகௌரி வெங்காயத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "பாவம், பிள்ளை விறைச்சுப்போய் நிக்குது" என்றார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். "நிலத்திலை வைக்கேலாது. எல்லாரும் கையிலை பிடியுங்கோ. உயர்த்திப் பிடியுங்கோ, என்ன!"

பிடித்தோம். செயலாளர் கையில் ஆறு பிடி, மாப்பிள்ளை வீட்டார் கையில் கொள்ளுமட்டும், என் ஒரு கையில் நாலு, மற்றக் கையில் போன். சிவகௌரி தானும் பத்துப் பிடியைத் தோளில் தூக்கிக்கொண்டார். சுபாங்கன் வயரைத் துடைத்துக் கொழுவினார். கண் மூடித் திறக்க முதல் படம் வந்துவிட்டது.

என்ன வடிவு! மழைத்துளி ஒவ்வொன்றும் தெரிந்தது. கூறையின் சிவப்பும் மதகின் பாசியும் தண்ணீரில் விழுந்து ஆடின. "பாத்தியளே! திரையிலை வந்தால்தான் எந்த விசயமும் விளங்கும்" என்றார் தியாகராசா. ஓம் என்றோம். வெள்ளத்துக்குள் முழங்காலளவில் நின்றுகொண்டு, வெள்ளத்தின் படத்தை வாயைத் திறந்தபடி பார்த்தோம். சிவகௌரிகூட, "வடிவாய்த்தான் கிடக்கு" என்றார். படம் அப்போதே வலைத்தளத்துக்கும் ஏறி என் போனில் வந்து நின்றது.

எங்கள் எல்லோரிலும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது அந்தப் பெண் ஒருத்திதான்.

"ஐயோ, வெங்காயம்! எல்லாற்றை வெங்காயமும் தண்ணிக்கை!" என்று கத்தினாள்.

நான் லைக் போட்டுவிட்டுத்தான் குனிந்து பார்த்தேன்.