துணைக்கு வந்தவள்

என் மனைவி ஷரீபுன்னிசா பேச்சை நிறுத்திவிட்டாள். வேறு புருஷன்மார் கேட்டால் பொறாமைப்படுவார்கள். நான் பயந்துபோனேன்.

செங்கல்பட்டு பஜாரில் எனக்கு இரும்புக் கடை. ஆணி, தாழ்ப்பாள், பூட்டு. எந்தப் பூட்டையும் திறந்துவிடுவேன். இவள் வாய்ப்பூட்டுக்கு மட்டும் என் கடையில் சாவி இல்லை.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"உடம்பு சரியில்லியா?"

"இல்ல."

"கோவமா?"

"உம்."

அந்த 'உம்' ஆமாவா இல்லையா என்று யோசித்தே ஒரு நாள் வியாபாரம் கெட்டது.

பக்கத்து வீட்டு ஷபானா என்னை வாசலில் நிறுத்தினாள். "அண்ணே, மாமல்லபுரத்துல ரோகிணின்னு ஒரு அம்மா கீறாங்க. மனசுக்குப் பாக்கறவங்க. மாத்திரை கெடையாது, பேசறதுதான். அக்காவ இட்டுனு போங்களேன்."

முதலில் நான் தனியாகப் போனேன். கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு மாடி அறை. ஒரு பாய், ரெண்டு நாற்காலி, ஜன்னல் வழியாகக் காற்று. ரோகிணிக்கு ஐம்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"அவுங்களா வரணும். ஏமாத்திக் கூட்டியாந்தா மனசு தொறக்காது," என்றார். "நான் நோயப் பாக்கறதில்ல, ஆளப் பாக்கறேன். உடம்பு, மனசு, அவுங்க கும்புடற தெய்வம், எல்லாம் சேந்துதான் ஒரு ஆளு."

"நாங்க அல்லாவத் தொழறவங்க."

"அந்த நம்பிக்கையோடவே வரட்டும்."

திரும்பி வரும் பஸ்ஸிலேயே திட்டம் போட்டுவிட்டேன். நோயாளி நான். துணைக்கு அவள். இடத்தைப் பார்த்தால் பயம் தெளிந்துவிடும், அப்புறம் அவளே உள்ளே போவாள். இதில் ஏமாற்றுவது எங்கே இருக்கிறது?

"எனக்கு மனசு சரியில்ல," என்றேன் அவளிடம். "மாமல்லபுரத்துல ஒருத்தரப் பாக்கணும். துணைக்கு வர்றியா?"

"வரேன்," என்றாள் உடனே. நான் சட்டை மாற்றுவதற்குள் புர்கா போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். காரியம் பாதி முடிந்தது என்று நினைத்தேன்.

மாடிப்படி ஏறியதும் அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போங்க. நான் காத்தாட உக்காந்துகினு இருக்கேன்."

உள்ளே போய் ரோகிணிக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. "சொல்லுங்க நூர்முகமது," என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. அவளுக்குத்தான்."

"அவுங்க வெளிய இருக்காங்க. உள்ள இருக்கறது நீங்க."

ஏதாவது சொல்லியாக வேண்டும். தூக்கம் வரவில்லை என்றேன். கடைக்கு வருகிறவர்கள் மேல் எரிந்து விழுகிறேன் என்றேன். எல்லாம் வாய்க்கு வந்தது. அத்தனையும் உண்மை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"கடைல கூட யாரு?"

"நானும் தம்பி ஃபர்தீனும்தான்," என்றேன். பிறகு திருத்திச் சொன்னேன். "தம்பி இல்ல. மௌத்தாயிட்டான். போன நோன்புக்கு முன்னால. மாரடைப்பு."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் நானே பேச வேண்டியிருந்தது. "எல்லா வேலையும் நானே நின்னு முடிச்சேன். அடக்கம் பண்றது, சொந்தக்காரங்களுக்குச் சாப்பாடு, அவன் புள்ளைங்க ஸ்கூலு. அழறதுக்கு நேரமில்ல."

"தொழுதுட்டுக் கையேந்தறப்போ இன்னா கேப்பீங்க?"

"கடை நடக்கணும். இவ நல்லா இருக்கணும். அவன் புள்ளைங்க படிக்கணும்."

"தம்பிக்கு?"

அவனுக்காக நான் ஒரு துஆ கேட்டதில்லை. கேட்டால், அவன் போய்விட்டான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். இதை என் மனசிடம்கூடச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத அந்த அம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. கர்ச்சீப் போதாமல் சட்டையைத் தூக்கி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். ரோகிணி தடுக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அழுகை அடங்கியதும் கைகளை ஏந்தினேன். தம்பியின் பேரைச் சொல்லிக் கேட்டேன். முடியும் வரை அவர் தலைகுனிந்து இருந்தார்.

வெளியே வந்தால் ஷரீபுன்னிசா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன். இருந்தாலும் திட்டம் திட்டம்தானே.

"இப்ப நீ போ," என்றேன்.

"நான் எதுக்கு?"

"நீதான பேசாம கெடந்த?"

அவள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்களுக்கு முன்னாலயே நான் இங்க வந்துட்டுப் போயிட்டேன். தம்பி போனதுலேர்ந்து அவரு அழவே இல்ல, பயமா கீதுன்னு சொன்னேன். அவரா வரணும்னுட்டாங்க."

"அப்ப ஷபானா?"

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

"பேசாம இருந்தது?"

"உங்களுக்கு மனசு சரியில்லன்னு சொன்னா, 'எனக்கின்னா பைத்தியமா?'ன்னு கத்துவீங்க. எனக்கு ஒண்ணுன்னா எங்க வேணா ஓடுவீங்க."

செங்கல்பட்டு பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது.

"அப்ப உனக்குன்னு ஒரு பிரச்சனையும் இல்லியா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு," என்றாள். "அதத்தான் உள்ள அனுப்பிட்டு வெளிய உக்காந்துகினு இருந்தேன்."