சப் மீனுக்குச் சத்தம் ஆகாது

ஓர் இனம் நாகரிகம் அடைந்துவிட்டதா என்று அறிய அதன் இலக்கியத்தைப் புரட்ட வேண்டியதில்லை. கோயில்களை எண்ண வேண்டியதில்லை. பிடித்த மீனை அது என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும். குழம்பு வைத்தால், அந்த இனத்துக்கு இன்னும் கொஞ்சம் காலம் தேவை. தடவிக்கொடுத்து, படம் எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டால் அது முழு நாகரிகம். இந்த அளவுகோலின்படி இலண்டன்வாழ் யாழ்ப்பாணத் தமிழர் நாகரிகம் அடைந்தது ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை காலை, கோலியர்ஸ் வுட்டில், பெரிய சூப்பர்மார்க்கெட்டின் பின்பக்கமாக ஓடும் வாண்டில் ஆற்றங்கரையில். நம்மை அந்த நிலைக்கு உயர்த்திய பெருமை திரு. விஜயரத்தினத்தையே சாரும்.

விஜயரத்தினம் அகதியாகப் பிரான்சுக்கு வந்து, அங்கிருந்து இலண்டனுக்கு நகர்ந்து, இரண்டு பெற்றோல் நிலையங்களுக்கு அதிபதியானவர். வீடு, கார், பிள்ளைகளின் பட்டம் எல்லாம் கிடைத்தாகிவிட்டது. இனி ஒன்றுதான் பாக்கி: இங்கிலீஷ்காரன் ஆவது. அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோல்ஃப் ஆடப் போனார், முதுகு பிடித்துக்கொண்டது. வைன் சுவைக்கும் வகுப்புக்குப் போனார். சுவைத்துவிட்டுத் துப்ப வேண்டியதையெல்லாம் விழுங்கியதால், பாதியிலேயே ஒரு டாக்ஸியில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். கடைசியில் வாண்டில் நதி மரபுவழித் தூண்டிலாளர் கழகம் அவருக்குக் கதவைத் திறந்தது. கழகத்தின் முதல் தமிழ் உறுப்பினர். ‘பன்முகத்தன்மை’ என்ற தலைப்பின் கீழ் அவர்களுடைய இணையத்தளத்தில் ஒரேயொரு படம் இருந்தது. அது அவருடையது.

கழகத்தார் பெரிதாக மதித்தது சப் என்ற மீனை. உருண்ட உடம்பு, தடித்த உதடு, வெண்கல நிறச் செதில். புழுவிலிருந்து பேக்கரிப் பாண்துண்டு வரை எதையும் விழுங்கும். ஆனால் நிழல் விழுந்தால் ஓடிவிடும். ஆகையால் அதைச் சும்மா பிடிக்க முடியாது. கரையில் முழங்காலில் ஊர்ந்து, மூச்சை அடக்கி, பதுங்கிப் பதுங்கிப் போக வேண்டும். இரையும் ‘இயற்கை இரை’யாக இருக்க வேண்டும்: மண்புழு, வெட்டுக்கிளி, கரையோரப் பற்றையில் பழுத்த பிளாக்பெர்ரி, எல்லாவற்றுக்கும் மேலாக ஓடில்லாத கறுப்பு நத்தை. பிளாஸ்டிக் இரை போடுபவனைக் கழகத்தார், சாமிக்குப் பிளாஸ்டிக் பூ வைப்பவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

இந்தத் தத்துவத்தை விஜயரத்தினம் மனைவி சிவகௌரிக்கு விளக்கினார்.

“பிடிக்கிறது தின்னவோ?” என்று கேட்டார் சிவகௌரி.

“இல்லை.”

“விக்கவோ?”

“சீச்சீ.”

“அப்ப என்னத்துக்கு அப்பா பிடிக்கிறியள்?”

“திருப்பி விடுறதுக்கு.”

“அது இப்பவும் விட்டுத்தானே கிடக்கு?”

“உமக்கு விளங்காது. இது மன அமைதிக்கு.”

அந்த அமைதி வீட்டில் உடனே பரவத் தொடங்கியது. சிவகௌரி பின்வளவில் தொட்டிகளில் வளர்த்த வல்லாரையைத் தின்ன வரும் நத்தைகளுக்கு அதுவரை உப்புப் போட்டுவந்தார். அந்தக் கொடுமை உத்தரவின் பேரில் நிறுத்தப்பட்டது. நத்தைகள் வல்லாரையைத் தின்று கொழுத்தன. கொழுத்தவற்றை விஜயரத்தினம் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மூடியில் துளையிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். இடித்த சம்பலும் அதேமாதிரி டப்பாவில்தான் இருந்தது. ஒருநாள் காலை சிவகௌரி பாணும் கையுமாக எந்த டப்பாவைத் திறந்தார் என்பதையும், பிறகு என்ன சொன்னார் என்பதையும் இங்கே எழுதுவது கழகத்தின் கௌரவத்துக்கு உகந்ததல்ல.

மறுநாள் விஜயரத்தினம் வரவேற்பறையில் பதுங்கல் பயிற்சி செய்தார். பச்சையும் மண்ணிறமும் கலந்த உடுப்பு, அதே நிறத்தில் தொப்பி, சோபாவுக்குப் பின்னால் முழங்காலில். தேத்தண்ணியோடு வந்த சிவகௌரி அலறிப்போனார்.

“இந்த உடுப்பைக் கண்டு பயந்துதானே அப்பா நாங்கள் நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள்!”

“இது வேற. இது மீனைப் பயப்படுத்தாமல் இருக்கிறதுக்கு.”

இவ்வளவு பக்தியை ஆறு கவனிக்காவிட்டாலும் கழகத் தலைவர் கொலின் கவனித்தார். ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. தாமதம் என்பதை மென்மையாக அறிவித்துப் பழகிய குரல். ஒருநாள் விஜயரத்தினத்தின் தோளில் கையைப் போட்டு ஆற்றோரமாக அழைத்துப்போனார்.

“விஜய், ஒரு சின்னச் சங்கடம். பக்கத்து ஹோட்டலில் அகதிகளை வைத்திருக்கிறார்கள் இல்லையா? அதில் ஒருவர் ஒவ்வொரு நாளும் நம்முடைய ஆற்று வளைவில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.”

“மீன் பிடிக்கிறாரா?”

“இல்லை. ஒன்றுமே செய்வதில்லை. அதுதான் கவலை. போனில் பேசுகிறார், நடக்கிறார், சப் கலைகிறது. நாங்கள் யாராவது சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வார்கள். அவர் உங்கள் மொழிக்காரர்போல இருக்கிறது. நீங்கள் சொன்னால்...” கொலின் புன்னகைத்தார். “செயற்கை இரை எதற்கு, இயற்கை இரை இருக்கும்போது?”

விஜயரத்தினம் இதைப் பெரும் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அன்றே அவருக்குச் ‘சமூக இணைப்பாளர்’ என்ற பதவியும், அதற்கான சட்டைச் சின்னமும் வழங்கப்பட்டன. சின்னத்தைக் குத்திக்கொண்டு வளைவுக்குப் போனார்.

ஆற்றோர வாங்குப் பலகையில் இருந்தவனுக்கு முப்பது தாண்டியிருக்கும். கையில் போன், காலில் ஹோட்டலில் கொடுத்த செருப்பு.

“தம்பி, தமிழோ?”

இயற்கை இரையின் வலிமையை அப்போதுதான் விஜயரத்தினம் கண்டார். அவன் துள்ளி எழும்பிவிட்டான்.

“ஓம் அண்ணை! நீங்கள் யாழ்ப்பாணமோ? கடவுளே! நான் தர்சிகன். வவுனியா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன் அண்ணை, ஒரு உதவி.”

அவன் கதை இதுதான். அகதி விண்ணப்ப நேர்காணலில் மொழிபெயர்க்க வந்த தமிழ்நாட்டுக்காரருக்கு இவனுடைய ஈழத்துத் தமிழ் சரியாகப் பிடிபடவில்லை. ‘ஆமியோட கதைச்சனான், அவங்களும் கதைச்சவங்கள், பிறகு கொண்டுபோய் அடிச்சவங்கள்’ என்று இவன் சொன்னான். அவரோ, ‘இவர் கதை சொன்னார், அவர்களும் கதை சொன்னார்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒப்புவித்தார். கடைசியில், விண்ணப்பதாரர் தாமே ஒப்புக்கொண்டபடி கதை சொல்பவர் என்று தீர்ப்பாகி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது.

“செவ்வாய்க்கிழமை வக்கீலிட்டப் போறன் அண்ணை. எங்கட தமிழும் இங்கிலீசும் தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்தில இருந்து, கதைக்கிறதெண்டால் பேசுறது எண்டு சொன்னால் காணும். இல்லாட்டி என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“பாப்பம், பாப்பம். சனிக்கிழமை கதைப்பம். இப்ப நீர் எழும்பி அங்கால போம். இந்த மீனுக்குச் சத்தம் ஆகாது.”

தர்சிகன் ஆற்றைப் பார்த்தான். மீனைக் காணவில்லை. எழும்பிப் போனான்.

சனிக்கிழமை வந்தது. கழகத்தின் ‘நீரோர நல்லிணக்க நாள்’. உறுப்பினர்கள் மடக்குக் கதிரைகளில் மௌனமாக வீற்றிருக்க, விஜயரத்தினம் முழங்காலில் புறப்பட்டார். நத்தையைத் தூண்டிலில் கோத்தார். ஈயக் கட்டை இல்லை, மிதவை இல்லை. வெறும் நத்தை, வெறும் நம்பிக்கை. ஆற்றுக்குள் கவிழ்ந்து கிடந்த சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்றின் அடியில் சப் குடியிருப்பது கழகத்தார் அனைவருக்கும் தெரிந்த இரகசியம். வல்லாரை உண்ட நத்தை தள்ளுவண்டியை நோக்கி மெல்ல மிதந்தது.

“அண்ணை.”

விஜயரத்தினம் திரும்பவில்லை. “உஷ்.”

“அண்ணை, சனிக்கிழமை கதைப்பம் எண்டனீங்கள்.”

“பிறகு, பிறகு.”

“ஒரு மணித்தியாலம்தான் அண்ணை. காலமை பத்தரைக்கு. பக்கத்தில டூட்டிங்கிலதான் வக்கீல்...”

“தம்பி, உமக்கு அறிவிருக்கோ?” பல்லைக் கடித்துக்கொண்டு, காற்றிலும் மெல்லிய குரலில் சொன்னார் சமூக இணைப்பாளர். “அது சரியான பயந்த சீவன். காலடிச் சத்தத்துக்கே வெருண்டிடும். ஒரு வாயில்லா சீவனில கொஞ்சமெண்டாலும் இரக்கம் வேண்டாமோ?”

கொலின் கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தார். “விஜய், உங்கள் நண்பரா?”

“இல்லை,” என்றார் விஜயரத்தினம், நல்ல இங்கிலீஷில். “யாரென்றே தெரியாது.”

தர்சிகனுக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தான். மீன் வெருளாதபடி வெறுங்காலோடு புல்லில் நடந்து போனான். கழகத்தில் வருடக்கணக்காக இருப்பவர்கள்கூட இவ்வளவு சுத்தமாகப் பதுங்கியதில்லை. பாராட்டத்தான் யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் அந்தக் கணத்தில் நூல் இழுபட்டது.

பிறகு நடந்ததை நாகரிகத்தின் உச்சம் என்றே சொல்ல வேண்டும். வலையில் வாரப்பட்ட சப், நனைத்த மெத்தை விரிப்பில் கிடத்தப்பட்டது. வறண்ட கை பட்டால் அதன் தோல் நோகும் என்று நால்வர் கையை நனைத்துக்கொண்டனர். வெயில் படாமல் ஒருவர் குடை பிடித்தார். வாயிலிருந்து தூண்டில் முள் மெதுவாக அகற்றப்பட்டு, காயத்துக்கு மருந்து பூசப்பட்டது. அதன் மனநிலை பாதிக்கப்படுமென்று எல்லாரும் கிசுகிசுத்தே பேசினார்கள். நிறுத்தார்கள், படம் எடுத்தார்கள். விஜயரத்தினம் இடுப்பளவு நீரில் இறங்கி, அதற்கு மூச்சுத் திரும்பும்வரை இரு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தார். வால் அசைந்தது, மீன் போயிற்று. கரையில் கைதட்டல். விஜயரத்தினத்தின் கண் கலங்கியது. கல்நெஞ்சக்காரனுக்கும் கலங்கும்.

வீட்டுக்கு வந்து ஈர உடுப்போடு முழுவதையும் சிவகௌரிக்குச் சொன்னார். இடையில் ஒரு அகதிப் பெடியன் வக்கீலிடம் கூட வரும்படி கேட்டு வந்து காரியத்தைக் கெடுக்கப் பார்த்ததையும், தாம் அதைச் சமாளித்த திறமையையும் சொன்னார். சிவகௌரி அடுப்பை அணைத்தார்.

“மீன் எவ்வளவு நிறை?”

“நாலு றாத்தல் ரெண்டு அவுன்ஸ்!”

“அந்தப் பிள்ளையின்ர பேர் என்ன?”

விஜயரத்தினம் யோசித்தார். “சொன்னவன்தான்... என்னவோ ஒண்டு.”

“எத்தனை மணிக்குப் போகவேணுமாம்?”

“அதை நான் கவனிக்கேல்லை. நத்தை போய்க்கொண்டிருந்தது.”

“உங்களுக்குப் பாரிசில பொலிசிட்ட கதைச்சுக் குடுத்த ஆள், கையில தூண்டில் வைச்சிருக்கேல்லை. நல்லதாப் போச்சு.”

ஞாயிற்றுக்கிழமை சிவகௌரி ஹோட்டல் வாசலில் நின்று, வந்தவர் போனவரையெல்லாம் விசாரித்துத் தர்சிகனைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டு வக்கீலுக்கு முன்னால் அவன் பக்கத்தில் இருந்தார். ‘கதைச்சனான்’ என்ற சொல்லைப் பிரித்து, விளக்கி, அது ‘பேசினேன்’தான் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துக்கொடுத்தார். மேன்முறையீடு ஏற்கப்பட்டு, புதிய விசாரணைக்குத் திகதி கிடைத்தது. இன்னும் ஒன்றும் முடியவில்லை. ஆனால் தர்சிகன் இப்போதைக்கு இலண்டனில்தான் இருக்கிறான்.

மற்றப்படி எல்லாம் சிறப்பாகவே நடந்தது. கழகத்தின் மண்டபச் சுவரில் விஜயரத்தினமும் சப்பும் இருக்கும் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். திறப்பு விழாவுக்குச் சிவகௌரியும் போக வேண்டியதாயிற்று. கொலின் திரையை இழுத்தார். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

“பாரும் சிவகௌரி,” என்று மனைவியின் காதுக்குள் சொன்னார் விஜயரத்தினம். “என்ர கைக்குள்ள எவ்வளவு நம்பிக்கையாக் கிடக்குது பாரும். அதுக்கு என்னில ஒரு பயமும் இல்லை.”

சிவகௌரி படத்தைப் பார்த்தார்.

“ஓம் அப்பா. குடுத்து வைச்ச மீன். வாயைத் திறந்து தமிழில ஒருக்கா ‘அண்ணை’ எண்டிருந்தால், நீங்கள் அதைக் கைவிட்டிட்டு ஓடியிருப்பியள்.”